பெரியப்பாவின் டைனமோ

கேள்வி: கொழுக்குமலைக்கு டிரிப் அடிக்கிற டீசல் ஜீப் எங்களுடையது. ஒரு வாரமாக விடியற்காலையில் செல்ஃப் எடுக்கவில்லை, இறக்கத்தில் உருட்டித்தான் ஸ்டார்ட் செய்கிறோம். பேட்டரி புதுசு. "டைனமோ சார்ஜ் ஏத்தலை. வண்டி ஓடுறப்பவே பேட்டரி வயரைக் கழட்டிப் பாரு, இன்ஜின் நின்னா டைனமோ போச்சு" என்கிறார் பெரியப்பா. ஒர்க்‌ஷாப் பையனோ, "இது டைனமோவே இல்லை, ஆல்டர்னேட்டர்" என்கிறான். இரண்டும் ஒன்றா? எங்கிருந்து வந்த சாமான் இது?
— ஒரு ஜீப் ஓட்டுநர், சூரியநெல்லி

பதில்: முதலில் அந்த வயரில் கை வைக்காதீர்கள். காரணம் பின்னால் வருகிறது.

பையன் சொன்னதுதான் சரி. ஆனால் பெரியப்பாவும் சும்மா சொல்லவில்லை. அவர் கைபழகிய வண்டியில் இருந்தது டைனமோதான்.

1831ல் லண்டனில் மைக்கேல் ஃபாரடே, காந்தத்தை அசைத்தால் பக்கத்துக் கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கிறது என்று கண்டார். அடுத்த வருஷமே பாரிஸில் ஹிப்போலிட் பிக்ஸி என்ற கருவி செய்பவர், கைப்பிடியைச் சுற்றினால் காந்தம் சுழலும் ஓர் இயந்திரம் செய்துவிட்டார். வந்த மின்சாரமோ முன்னும் பின்னுமாகத் திசை மாறி மாறி ஓடியது. அன்றைக்கு அது யாருக்கும் வேண்டாத சரக்கு. விஞ்ஞானி ஆம்பியரின் யோசனைப்படி, அதை ஒரே திசையில் திருப்பிவிட 'கம்யூட்டேட்டர்' என்ற செம்புப் பட்டைகளைச் சேர்த்தார் பிக்ஸி. 1866ல் ஜெர்மனியின் வெர்னர் சீமன்ஸ் இன்னொரு படி போனார். இரும்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சக் காந்தமே போதும், இயந்திரம் தன் காந்தத்தைத் தானே வளர்த்துக்கொள்ளும் என்று காட்டினார். 'டைனமோ' என்ற பெயர் அங்கிருந்து வந்தது. கிரேக்க மொழியில் 'டைனமிஸ்' என்றால் ஆற்றல்.

1940களின் கடைசியில் பம்பாயில் மகிந்திரா கோத்து இறக்கிய வில்லிஸ் ஜீப்பிலும், பிறகு வந்த அம்பாசிடரிலும் இருந்தது இந்த வம்சம்தான். அதற்கு ஒரு நோய் உண்டு: மெதுவாகச் சுற்றினால் சார்ஜ் வராது. பேட்டரி கரண்ட் திரும்ப டைனமோவுக்குள் ஓடிவிடாமல் தடுக்கத் தனியாக 'கட்-அவுட்' வேறு வேண்டும். ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு மலையில் ஊர்ந்து ஏறும் வண்டிக்கு இது எவ்வளவு இம்சை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

திசை மாறும் மின்சாரத்தை அப்படியே பிறக்கவிட்டு, வெளியே வரும் வாசலில் ஒருவழிப்பாதை வைத்தால் என்ன? யோசனை பழசு. ஆனால் வாசலில் நிற்கக்கூடிய சின்ன, மலிவான காவலாள் சிலிக்கான் டயோடு வந்த பிறகுதான் கிடைத்தான். 1960ல் அமெரிக்காவின் கிரைஸ்லர் கம்பெனி வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டரை வைத்தது. 'மாறி மாறி' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். பிக்ஸி காலத்தில் குறை என்று ஒதுக்கியதே 128 வருஷம் கழித்துக் கார் சாமானின் பெயராகிவிட்டது! நம் பக்கம் சென்னை பாடியில் 1961ல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் கம்பெனி வழியாக ஆல்டர்னேட்டரும் மலைக்கு வந்து சேர்ந்தது. சாமான் மாறியது, வாயில் பழைய பேர் தங்கிவிட்டது.

பெரியப்பாவின் சோதனைக்கு வருவோம். அது பெட்ரோல் ஜீப் காலத்து வித்தை. பெட்ரோல் இன்ஜினுக்குப் பொறி வேண்டும், பொறிக்குக் கரண்ட் வேண்டும், டைனமோ செத்திருந்தால் இன்ஜின் நிற்கும். உங்கள் பழைய டீசல் ஜீப்போ, ஓட ஆரம்பித்துவிட்டால் கரண்டே இல்லாமலும் ஓடும். எனவே அந்தச் சோதனை உங்களுக்கு ஒன்றும் சொல்லாது. கெடுதல் மட்டும் செய்யும். ஓடும்போது பேட்டரியைப் பிரித்தால் வோல்டேஜ் ஒரே எகிறாக எகிறி டயோடுகளைச் சுட்டுவிடும். நல்ல ஆல்டர்னேட்டரும் அத்தோடு போச்சு.

என்ன செய்யலாம்? ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். தொளதொளத்தால் பாதி வழக்கு அங்கேயே முடிந்தது. பிறகு மீட்டர். நிற்கும் வண்டியில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். இன்ஜின் ஓடும்போது 13.8லிருந்து 14.4க்குள் ஏற வேண்டும். ஏறாமல் 12லேயே கிடந்தால் சார்ஜ் இல்லை. 15ஐத் தாண்டினால், வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போய்விட்டது, பேட்டரி கொதிக்கும்.

டேஷ்போர்டின் சிவப்புச் சார்ஜ் விளக்கைப் பலரும் வெறும் அறிவிப்புப் பலகை என்று நினைக்கிறார்கள். பல வண்டிகளில் அந்த பல்பு வழியாகத்தான் உள்ளே சுழலும் ரோட்டருக்கு முதல் கரண்ட் போகிறது. பல்பு ஃபியூஸ் ஆனால் சார்ஜே தொடங்காது. பத்து ரூபாய் பல்புக்காக ஆல்டர்னேட்டரையே மாற்றியவர்கள் உண்டு. அடுத்து, சாவியைப் போட்டு, இன்ஜினை எடுக்காமல், ஒரு ஸ்பேனரின் நுனியை ஆல்டர்னேட்டரின் பின்பக்கத்துக்கு நடுவே கொண்டுபோங்கள். லபக்கென்று இழுத்தால் ரோட்டரில் காந்தம் இருக்கிறது. டயோடு, ரோட்டரைச் சுற்றி நிற்கும் ஸ்டேட்டர் காயில் பக்கம் தேடுங்கள். இழுக்கவில்லையா? பல்பு, வயர், ரெகுலேட்டர், இல்லாவிட்டால் தேய்ந்த கார்பன் பிரஷ். சேறும் புழுதியும் மாறி மாறி அடிக்கிற உங்கள் பாதையில் நான் முதலில் கார்பனைத்தான் சந்தேகப்படுவேன்.

இன்னொன்றுக்கு மீட்டரே வேண்டாம். விடியற்காலை நாலு மணிக்கு பானெட்டைத் திறந்து ஆல்டர்னேட்டர் மேல் கை வையுங்கள். சூரியநெல்லிக் குளிரில் மற்ற இரும்பெல்லாம் சில்லிட்டிருக்க, அது மட்டும் இளஞ்சூடாக இருந்தால் டயோடு ஒழுகுகிறது. ராத்திரி முழுக்க உங்கள் புது பேட்டரியைக் குடித்துக்கொண்டிருந்தது அதுதான்.

கேள்வி: அப்படியானால் பழைய சைக்கிளில் டயரை உரசிக்கொண்டு சுற்றுமே, அது டைனமோவா, ஆல்டர்னேட்டரா?
— ஒரு வாசகி, போடிநாயக்கனூர்

பதில்: ஆல்டர்னேட்டர்! உள்ளே சுழல்வது நிரந்தரக் காந்தம், கம்யூட்டேட்டர் கிடையாது, வருவது திசை மாறும் மின்சாரம். பல்புக்குத் திசை ஒரு பொருட்டில்லை என்பதால் டயோடும் தேவைப்படவில்லை. மூணாறுக்குக் கீழே பள்ளிவாசலில் 1940 முதல் தண்ணீர் சுற்றிவிடுகிற பெரிய ஜெனரேட்டர்களும் இதே ஜாதிதான். அங்கே மட்டும் யாரும் அவற்றை டைனமோ என்று கூப்பிடுவதில்லை.