மதகைத் திறக்கப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

கோயில் தொண்டர் சபைக்கு உம்மைச் செயலாளராகத் தெரிந்த கையோடு எனக்கு எழுதியிருக்கிறீர். திருவிழாக் கணக்கில் மிஞ்சிய காசையும் கனடாவில் இருக்கும் ஊரவர்கள் அனுப்பும் காசையும் சேர்த்து, அடைபட்டுக் கிடக்கும் ஒழுங்கை மதகைத் துப்புரவாக்கி, எரியாத தெருவிளக்குகளை மாற்றி, சந்தியில் ஒரு குடிதண்ணீர்த் தொட்டியும் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர். பிரதேச சபையைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனோம் என்ற வரியை இரண்டு தரம் வாசித்தேன். செய்யும் தம்பி. வேண்டாமென்று ஒரு சொல்லும் சொல்லமாட்டேன். எப்படிச் செய்வது என்பதில்தான் கொஞ்சம் சொல்ல இருக்கிறது. உம்முடைய வயதில் நானும் இதைச் செய்து, பெரிய பிழை ஒன்று விட்டவன்.

எங்கள் கோயிலடியிலிருந்து பெரிய வீதி மட்டும் பதினொரு மின்கம்பங்கள். ஒன்றிலும் வெளிச்சம் இல்லை. உபயகாரர் ஒருவர் காசு தந்தார். ஏணி வைத்து, ஒரே நாளில் பதினொன்றையும் எரிய வைத்தோம். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, யாருக்கும் கடிதம் எழுதவில்லை. இரண்டு மாரி நன்றாக எரிந்தன. மூன்றாம் மாரியில் ஒவ்வொன்றாக நின்றன. பிரதேச சபைக் கந்தோருக்குப் போனால், "அது கோயில் போட்ட லைற், எங்கட பதிவில இல்லை" என்றார்கள். கோயிலில் அப்போது புது நிர்வாகம். "றோட்டு லைற் சபையின்ர வேலையல்லோ" என்றார்கள். இரண்டு பக்கமும் சொன்னது சரிதான். டியூசன் முடிந்து வரும் பிள்ளைகள் ஆறு வருடம் அந்த இருட்டுக்குள் சைக்கிள் உழக்கினார்கள். நாங்கள் செய்த தருமம் அந்த ஒழுங்கையைச் சபையின் பதிவேட்டிலிருந்தே அழித்துவிட்டது. இன்றைக்கும் அதை நினைத்தால் நித்திரை வராது.

அதனால் முதலில் எழுதும். எந்த வீதி, எத்தனையாம் கம்பம், எந்த மதகு, எப்போதிருந்து பழுது என்று எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பி, பிரதியைக் கோவையில் வையும். வீதி யாருடையது என்பதையும் விசாரித்து எழுதும். ஒன்று பிரதேச சபையின் வீதியாக இருக்கும், அடுத்தது மாகாணத் திணைக்களத்தின் வீதியாக இருக்கும், பெரியது வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குச் சொந்தமாக இருக்கும். ஆள் மாறிக் கேட்டால் வருடம் போய்விடும். பதில் வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. விண்ணப்பம் கொடுத்தால், தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதற்குப் பிறகும் நீர்தான் மதகைத் திறக்க வேண்டி வரலாம். திறந்து முடித்த பிறகு, "இந்த வேலையை உங்களுக்காகச் செய்தோம், இனி உங்கள் பொறுப்பில் எடுங்கள்" என்று இன்னொரு கடிதம் கொடுத்து, கையெழுத்தும் திகதி முத்திரையும் வாங்கும். நாங்கள் எழுதாமல் விட்ட கடிதங்களில் பெரிய இழப்பு இந்தக் கடைசிக் கடிதம்தான்.

கோயில் ஏன் இதற்குள் வரவேண்டும் என்று உம்முடைய பரிபாலன சபையிலேயே சிலர் கேட்பார்கள். அவர்களுக்குத் தண்டியடிகளைச் சொல்லும். கண் தெரியாத மனிதர், திருவாரூர்க் குளம் தூர்ந்து போவதைப் பொறுக்காமல், குளத்துக்குள்ளும் கரையிலும் தறி நட்டு, கயிறு கட்டி, அதைத் தடவித் தடவி மண் சுமந்தவர். அப்பூதியடிகளையும் சொல்லும். திங்களூரில் தண்ணீர்ப்பந்தல் வைத்தவர், அதற்குத் தன் பெயரை இடவில்லை. தான் கண்ணாலும் கண்டிராத திருநாவுக்கரசரின் பெயரை இட்டார். உபயகாரர் பெயர்ப் பலகை கேட்டு வரும்போது இந்தக் கதை உதவும்.

எங்கள் மண்ணின் கதையையும் பாரும். 1850 இல் ஒரு தருமச் சங்கம் நடத்தத் தொடங்கிய ஆஸ்பத்திரிதான் பின்னர் அரசாங்கத்தின் கைக்குப் போய், இன்று யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையாக நிற்கிறது. 1847 இல் வந்த மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தார். 1923 இல் தொடங்கிய சைவ வித்தியா விருத்திச் சங்கம் ஊரூராய்ப் பள்ளிக்கூடம் கட்டியது. அறுபதுகளின் தொடக்கத்தில் அரசு அவற்றைப் பொறுப்பெடுத்தது. பொறுப்பெடுத்தது சரியா பிழையா என்று இன்னும் சண்டை பிடிப்பவர்கள் உண்டு. நான் பார்ப்பது வேறு. சமயத்தவர்களும் தருமச் சங்கத்தவர்களும் தொடங்கிவைத்தது பிறகு எல்லாருக்கும் உரிமையானது. நீர் போடும் விளக்கும் அந்த வழியால் போகவேண்டும்.

இப்போது பிரதேச சபையும் இளைத்துத்தான் போயிருக்கிறது. 2018 இல் தெரிவானவர்களின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. 2025 மே மாதத்தில் தேர்தல் நடக்கும் வரை இரண்டு வருடத்துக்கு மேல் உறுப்பினரே இல்லை. செயலாளர்கள்தான் கொண்டு நடத்தினார்கள். அந்தக் காலத்தில் சனம் முறைப்பாடு சொல்லக் கூடிய இடம் கோயில் மண்டபமும் பங்குத்தந்தையின் விறாந்தையும்தான். இப்போது உறுப்பினர்கள் இருக்கிறார்கள். மதகடிக்கு அவர்களைக் கூப்பிடும். மேடையும் பொன்னாடையும் வேண்டாம், சேற்றுக்குள் இறங்கி நிற்கட்டும்.

ஒருமுறை நாங்கள் மதகொன்றைத் திறந்தபோது என்ன கண்டோம் தெரியுமா? கொங்கிறீற்று மூடியை அலவாங்கு போட்டுக் கிளப்பினால், வாயை அடைத்துக்கொண்டு ஒரு கறுத்த பொதி. மண்வெட்டியால் இழுத்து வெளியில் போட்டுப் பிரித்தோம். லஞ்ச் சீற், கடதாசிக் கோப்பை, கற்பூரப் பெட்டி, வாடிய மாலையின் வாழைநார். எல்லாம் எங்கள் அன்னதானத்தின் மிச்சம். ஊரை வெள்ளத்தில் விட்டது எங்கள் கோயில். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அடுத்த வருடத்திலிருந்து வாழையிலையும் தாமரையிலையும்தான். நீரும் மதகைத் திறக்க முன் உம்முடைய கோயில் வீதியைக் கூட்டும்.

அன்னதானம் என்றால் உமக்குக் கிட்டவே சந்நிதிக் கோயில் இருக்கிறது. தொண்டைமானாற்றங்கரையில் வாய் கட்டிப் பூசை செய்யும் அந்தக் கோயிலின் மடங்களில், பசித்து வந்தவனிடம் யார் எவர் என்று கேட்பதில்லை. பக்கத்தில் சந்நிதியான் ஆச்சிரமம் மருந்துச் செலவுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் கைகொடுத்து வருகிறது. ஒரு வெள்ளிக்கிழமை போய், உதவி கேட்டு வருபவர்களை எப்படி இருத்திக் கதைக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வாரும்.

தண்ணீர்த் தொட்டி விசயத்தில் அவசரப்படாதேயும். எங்கள் நிலத்தடி சுண்ணாம்புக்கல். மலகூடக் குழியில் ஊறுவதும் தோட்டத்தில் கொட்டும் உரமும் அதன் வெடிப்புகளால் இறங்கிக் கிணற்றில் கலக்கின்றன. நைத்திரேற்று கூடிய தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிந்திருக்கும், ருசியும் மாறாது. கொதிக்க வைத்தாலும் போகாது, கைக்குழந்தைக்குத்தான் முதல் ஆபத்து. பொதுச் சுகாதாரப் பரிசோதகரைப் பிடித்து, கோயில் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்த அறிக்கை கைக்கு வந்த பிறகு தொட்டியைக் கட்டும்.

அந்தத் தொட்டியில் யார் குடிப்பார்கள் என்பதையும் இப்போதே தீர்மானியும். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதவேண்டும். 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில், சாதி சொல்லித் தடுக்கப்பட்ட சனம் உள்ளே விடுங்கள் என்று நின்றது. அது பழங்கதை என்பார்கள். ஆனால் இன்றைக்கும் சில ஊர்களில் எந்த ஒழுங்கைக்கு முதலில் விளக்கு, எந்த ஒழுங்கைக்குக் கடைசியில் என்று பார்த்தால் சாதி தெரியும். கோயிற் காசில் செய்யும் வேலை, கோயிலுக்கு வருபவர்களின் வாசலோடு நின்றுவிடுவது மிகச் சுலபம். பட்டியலைக் கடைசி ஒழுங்கையிலிருந்து தொடங்கும். வேதக்கோயில் இளைஞரையும் சேர்த்துக்கொள்ளும். வெள்ளம் அவர்கள் முற்றத்தாலும்தான் போகிறது. மதகுக்குக் கிட்ட இருக்கும் வீட்டுக்காரரிடம், அவர் கோயிற்பக்கமே வராதவராக இருந்தாலும், முதலில் போய்க் கதையும். தண்ணீர் எந்தப் பக்கத்தால் ஏறுகிறது என்று அவருக்குத்தான் தெரியும்.

ஐப்பசி பிறந்தால் மழை பிடித்துவிடும். ஆவணிக்குள் கடிதம் போகட்டும். பதில் வந்தாலும் வராவிட்டாலும் புரட்டாதிச் சனி ஒன்றில் மூடியைக் கிளப்பலாம். என்னிடம் இரண்டு அலவாங்கு இருக்கிறது. ஒன்று கொஞ்சம் வளைந்தது, ஆனாலும் பாரம் தாங்கும். ஆளனுப்பி எடுப்பியும், அல்லது நானே கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
உம்முடைய அண்ணை