முனைகள் முட்டினால் லேத் நேராகிவிடுமா?



சிறு மர லேத்தில் மரத்தைச் சுழற்றும் ஹெட்ஸ்டாக்கின் முனையும் எதிரே தாங்கும் டெயில்ஸ்டாக்கின் முனையும் முட்டிக்கொண்டால் லேத் நேராக இருக்கிறது என்ற நம்பிக்கை பேனா கடைபவர்களிடம் ஊறிப்போயிருக்கிறது. அது பாதி உண்மைதான். இரு அச்சுகளும் ஒரு புள்ளியில் சந்திக்கின்றன என்பதற்கு மேல் அந்தச் சோதனை எதையும் சொல்லாது. ஹெட்ஸ்டாக் சற்றே திரும்பியிருந்தாலும் அந்த ஒரு புள்ளி பொருந்திவிடக்கூடும். பேனா மரத்தைக் கோக்கும் தண்டான மாண்ட்ரலில் நீளமான ஒன்றை மாட்டி, அதன் கடைசியில் உள்ள குழிக்கு அருகே டெயில்ஸ்டாக்கின் சுழலும் கூர்முனையான லைவ் சென்டரை அழுத்தாமல் கொண்டுவந்தால்தான் கோணப் பிசகு வெளியே வரும். ஹெட்ஸ்டாக் திரும்பும் வகை லேத்தில், இரு முனையிலும் மோர்ஸ் டேப்பர் (கூம்பு வடிவச் செருகுமுனை) உள்ள தண்டை இரண்டு பக்கமும் செருகி, அது இழுத்துக் கொடுக்கும் நேரில் போல்ட்டை முடுக்குவது நம்பகமான வழி.

பிசகு எல்லா வேலையையும் ஒரே அளவில் கெடுப்பதில்லை. இரு கூர்முனைகளுக்கு நடுவே மட்டும் சுழலும் மரம், டெயில்ஸ்டாக் ஒரு மயிரிழை விலகியிருந்தாலும் உருண்டையாகவே கடைபடும். உளியைக் கையால் நடத்துவதால் கூம்பு வடிவமும் விழாது. துளை போடும்போது நிலைமை வேறு. டெயில்ஸ்டாக்கில் நிற்கும் துரப்பணம் விலகியிருந்தால் துளையின் வாய் அகன்றுவிடும், அதற்குள் ஒட்ட வேண்டிய பித்தளைக் குழாய் ஆடும்.

துளைக்கும் வெளிவட்டத்துக்கும் அச்சு ஒன்றாக இருக்க வேண்டியதன் அருமை, ஆடுதுறையை அடுத்த நரசிங்கம்பேட்டையின் நாகசுரப் பட்டறைகளில் தெரியும். 2022-இல் புவிசார் குறியீடு பெற்ற இந்த நாகசுரம், பழைய வீடுகளிலிருந்து கழற்றிய, வயதேறிய ஆச்சா மரத்தில் செய்யப்படுகிறது. புது மரம் காயக் காய முறுக்கிக்கொள்ளும். பல்லாண்டு கூரையைத் தாங்கிய மரம் தன் முறுக்கையெல்லாம் அங்கேயே முடித்துவிட்டது. நாகசுரத்தின் குழலான உலவின் துளை கீழே போகப் போக விரியும் கூம்பு. அது ஒரு பக்கம் ஒதுங்கினால் விரல் துளைகள் இருக்கும் பக்கத்துச் சுவர் தடிக்கும் அல்லது மெலியும். சுவர் தடித்தால் விரல் துளை ஆழமாகும், சுருதி இறங்கும். நாகசுர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்காக (1898–1956) ரங்கநாதன் ஆசாரி பாரி நாகசுரத்தை உருவாக்கினார். திமிரி என்னும் குட்டையான வகையைவிட அது நீளம். நீளம் கூடக் கூட, தொடக்கத்தில் விழுந்த சிறு கோணப் பிசகு மறுமுனையில் பெரிதாகும். பேனா விரலளவுதான் என்பதால் இந்தக் கணக்கு அதற்குப் பொருந்தாது என்று நினைப்பது தவறு. பேனாவின் சுவரும் மெல்லியது. அச்சு பிசகினால் மரம் ஒரு பக்கம் தீர்ந்து பித்தளை தெரிந்துவிடும்.

கடைந்த பேனாவில் ஒரு பக்கம் புஷ்ஷோடு (மரத்தின் முனையில் அளவுக்காகப் போடும் வளையம்) சமமாகவும் எதிர்ப்பக்கம் மேடாகவும் இருந்தால் உடனே லேத்தைக் குற்றம் சொல்லக் கூடாது. பெரும்பாலும் குற்றவாளி மாண்ட்ரல் நட்டு. அதை ஸ்பேனர் போட்டு முடுக்கினால் மெல்லிய தண்டு வில்லாக வளையும். அந்த வளைவு தண்டோடு சேர்ந்தே சுழலும், கோணல் மரத்தில் பதியும். விரலால் முடுக்குவதே போதும். டெயில்ஸ்டாக்கை இறுக அழுத்தினாலும் இதே கேடுதான்.

அடுத்து, மரம் கோக்காத வெற்று மாண்ட்ரலைச் சோதிக்க வேண்டும். டெயில்ஸ்டாக்கை விலக்கி, ஹெட்ஸ்டாக்கின் சுழல்தண்டான ஸ்பிண்டிலைக் கையால் மெல்லச் சுழற்றி, தண்டின் நுனியருகே பென்சிலை அசையாமல் பிடித்தால் மேடான இடத்தில் மட்டும் கோடு விழும். பிறகு மாண்ட்ரலைக் கழற்றி, அரைச்சுற்று திருப்பிச் செருகிப் பார்க்க வேண்டும். மேடு தண்டோடு கூடவே வந்தால் தண்டு வளைந்திருக்கிறது. வேறு தண்டு வாங்குவதே வழி. மேடு ஸ்பிண்டிலின் பழைய பக்கத்திலேயே நின்றால் ஸ்பிண்டிலின் டேப்பர் குழிக்குள் அழுக்கோ துருவோ பிசிறோ இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் காவிரி டெல்டா வீடுகளில் இரும்பு துருப்பிடிக்க நாள் பிடிக்காது. உலர்ந்த பருத்தித் துணியைக் குச்சியில் சுற்றித் துடைக்கலாம். எண்ணெய் மிஞ்சினால் டேப்பர் பிடிக்காமல் வழுக்கும்.

இவ்வளவும் சரியாக இருந்தால் மட்டுமே லேத்தில் கை வைக்கலாம். களிமண் தரை மழையில் பொங்கி வெயிலில் சுருங்குவதால் மேசைக்கால் ஒன்று தூக்கிக்கொள்ளும். அந்த மேசையில் இறுக்கிய லேத்தின் பெட்டும் (ஹெட்ஸ்டாக்கும் டெயில்ஸ்டாக்கும் அமரும் அடித்தளம்) முறுக்கிக்கொள்ளும். போல்ட்டுகளைத் தளர்த்தினால் லேத்தின் எந்தக் கால் அந்தரத்தில் நிற்கிறது என்று தெரியும். அதற்கடியில் தகடு வைத்து மீண்டும் இறுக்க வேண்டும். பெட்டின் இடைவெளியில் டெயில்ஸ்டாக் பக்கவாட்டில் ஆடினால், பூட்டும்போதெல்லாம் ஒரே பக்கமாகத் தள்ளிப் பூட்டினால் போதும். இரு முனைகளின் உயரம் பொருந்தாவிட்டால், குறைந்த பக்கத்தின் அடியில் குளிர்பான டப்பாவை வெட்டி எடுத்த மெல்லிய தகட்டை அண்டக் கொடுக்கலாம். உயர்ந்த பக்கத்தை அரத்தால் தேய்ப்பது கடைசி வழி. தகட்டை உருவி எடுத்துவிடலாம், தேய்த்த இரும்பு திரும்பி வராது.