மூத்திரப்பை வலி: ஆபரேஷனுக்கு முன் கேட்க வேண்டியவை



“அடிவயிறு வலிக்குது. ஒண்ணுக்குப் போனா கொஞ்சம் அடங்குது. கால் மணி நேரத்துல மறுபடியும் வந்துடுது.” இப்படி மாதக்கணக்கில் அவதிப்படுகிறவர்கள் நம்மிடையே உண்டு. ஆண்களுக்கும் வரும், பெண்களுக்கே அதிகம். வேலைக்காட்டில் மறைவிடம் இல்லை, வெளியே சொல்ல வெட்கம். அதனால் பலர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். அது கூடாது. நீர் கெட்டியானால் எரிச்சல் கூடும்.

முதலில் நீரைச் சோதிக்க வேண்டும். கிருமி, கல், காசநோய், புற்று ஆகியவையும் இதே வலியைத் தரும். இவை எதுவும் இல்லாமல் ஆறு வாரத்துக்கு மேல் வலி நீடித்தால், அதை மூத்திரப்பை வலி நோய் என்கிறார்கள். இது மனப்பிரமை அல்ல, ஒட்டுநோயும் அல்ல. நீரில் இரத்தம் கண்டாலும், காய்ச்சல் வந்தாலும், நீர் அடைத்துக்கொண்டாலும் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

“வெட்டி எடுத்துட்டா வலி போயிடும்ல?” என்று சிலர் கேட்கிறார்கள். அவ்வளவு சுலபமல்ல. காப்பி, காரம், புளிப்பு ஆகியவற்றில் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்த்து விலக்குவது, இடுப்புத் தசைக்கான பயிற்சி, மாத்திரை, பைக்குள் மருந்து செலுத்துவது என்பவற்றைப் பார்த்த பிறகே பெரிய ஆபரேஷன் பற்றிய பேச்சு வரவேண்டும். கருவி வைத்துச் செய்யும் சிகிச்சைகள் ஏணிப்படி போன்றவை:

1. மயக்க மருந்து கொடுத்து, குழாய்க் கருவியால் பையின் உள்ளே பார்ப்பார்கள். அப்போதே தண்ணீர் விட்டுப் பையைச் சற்று விரிப்பதும் உண்டு. சிலருக்குச் சில மாதம் சுகம் கிடைக்கும். பிறகு வலி திரும்பலாம்.

2. உள்ளே புண் தெரிந்தால் மின்சாரத்தாலோ லேசராலோ சுடுவார்கள், அல்லது ஊசி மருந்து போடுவார்கள். 1915-இல் அமெரிக்க டாக்டர் கை ஹன்னர் விவரித்ததால் இது ஹன்னர் புண் எனப்படுகிறது. எல்லாருக்கும் இந்தப் புண் இருக்காது. இருப்பவர்களுக்கு இந்தச் சிகிச்சை நல்ல பலன் தரும். புண் திரும்பினால் மறுபடியும் செய்யலாம்.

3. பையின் சுவரில் போடோக்ஸ் ஊசி. சிலருக்குக் கொஞ்ச காலம் நீர் தானாக வராது. குழாய் விட்டுத் தாமே நீரை எடுக்க வேண்டியிருக்கும். அதற்குச் சம்மதமானால் மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள்.

4. இடுப்பு நரம்பைத் தூண்டும் சிறு மின்கருவி. முதலில் சோதித்துப் பார்த்து, குணம் தெரிந்தால்தான் உடம்புக்குள் பொருத்துவார்கள். செலவு அதிகம்.

5. கடைசிப் படி: குடல் துண்டால் பையைப் பெரிதாக்குவது, அல்லது நீரை வயிற்றின் மேல் ஒரு துளை வழியாக வெளியே விடுவது. பையையே எடுப்பதும் உண்டு. பை சுருங்கி, வேறு எதற்கும் அடங்காதவர்களுக்கே இது. பையை எடுத்த பிறகும் சிலருக்கு வலி நிற்பதில்லை. எடுத்ததைத் திரும்ப வைக்கவும் முடியாது.

கையெழுத்துப் போடுமுன் டாக்டரிடம் கேளுங்கள்: “எனக்குப் புண் இருக்கா? இதுக்கு முந்தின படியெல்லாம் பார்த்தாச்சா? சுகம் எத்தனை நாள் நிக்கும்? பால் வாளி, செம்பனைக் குலை எப்போ தூக்கலாம்?” கேட்பது மரியாதைக் குறைவல்ல, நம் உரிமை. மொழி தடையானால் படித்த பிள்ளையைக் கூட அழைத்துப் போங்கள்.

பினாங்கிலும் செபராங் பிறையிலும் உள்ளவர்கள் அரசாங்க கிளினிக்கில் கடிதம் வாங்கி, ஜார்ஜ்டவுன் பொது மருத்துவமனையின் சிறுநீரியல் பிரிவுக்குப் போகலாம். எப்போது வலிக்கிறது, எத்தனை தடவை நீர் போகிறது என்று மூன்று நாள் குறித்துக்கொண்டு போனால் டாக்டருக்கு உதவும்.

சம்பளம் போய்விடுமே என்று சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். வேலைச் சட்டப்படி, சேவைக் காலத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 14, 18 அல்லது 22 நாள் சம்பளத்துடன் நோய் விடுப்பு உண்டு. மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் 60 நாள். 2023 ஜனவரி முதல் இது நோய் விடுப்பில் சேராத தனிக் கணக்கு. டாக்டர் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். நிர்வாகம் மறுத்தால் கிளைச் செயலாளரிடம் உடனே சொல்லுங்கள்.

வலியை மறைப்பது பொறுமையாகாது. வாய் திறந்து சொல்லுங்கள். அவசரப்பட்டுக் கத்திக்கும் உடம்பைக் கொடுத்துவிடாதீர்கள்.