கடைக் கத்தியா, கம்மாலைக் கத்தியா?

பற்றை வெட்டத் தொடங்கும் குடும்பங்களுக்கான பாடம்



இடம்பெயர்ந்த குடும்பமொன்று தன் காணிக்குத் திரும்பிப் போகும் நாளில் விதைநெல்லைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் அதற்கு முன்னரே தேவைப்படுவது ஒரு கத்தி. பல ஆண்டுகள் ஆள் நடமாட்டம் இல்லாமல் கிடந்த காணியில் வரம்பு தெரியாது, கிணற்றுக்கட்டு தெரியாது, வீட்டு அத்திவாரம்கூடத் தெரியாது. உடையும் ஈச்சையும் முட்பற்றையும் எல்லாவற்றையும் மூடி நிற்கும். வெட்டித் துப்புரவாக்கினால்தான் காணியின் எல்லையே கண்ணுக்குப் படும்.

எமது மாவட்டத்தில் இந்த அனுபவம் இல்லாத ஊர் குறைவு. 1990-இல் போர் மீண்டும் மூண்டபோது பேசாலையிலும் மடுவிலும் அகதிகளுக்கான ஐ.நா. உயர்ஸ்தானிகராலயத்தின் திறந்த நிவாரண நிலையங்கள் இயங்கின. அதே ஆண்டு ஒக்டோபரில் முஸ்லிம் குடும்பங்கள் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளம் பக்கம் போய்ச் சேர்ந்தன. 2007-இல் முள்ளிக்குளம் மக்கள் வெளியேறினார்கள். மாந்தை மேற்கின் நெல் விவசாயிகள் வன்னிக்குள் ஒவ்வோர் இடமாக நகர்ந்து, 2009-இல் மெனிக் பாம் முகாமுக்கு வந்து சேர்ந்தார்கள். இவர்களில் யாரும் மண்வெட்டியையும் அலவாங்கையும் தோளில் சுமந்துகொண்டு ஓடவில்லை. பிள்ளைகளைத் தூக்கினார்கள், கருவிகள் கொட்டிலிலேயே கிடந்தன. திரும்பிப் போனபோது கொட்டிலும் இல்லை.

ஆகவே கையில் சிறிது பணம் சேர்ந்ததும் எழும் கேள்வி இது: கடையில் விற்கும் தொழிற்சாலைக் கத்தியை வாங்குவதா, கொல்லரிடம் சொல்லி எங்கள் கைக்கு ஏற்றபடி ஒன்று செய்விப்பதா?

பெரியவர்கள் பலர் உடனே, "கம்மாலைக் கத்திதான் கத்தி. கடைக் கத்தி தகரம்" என்பார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. நல்ல கொல்லர் ஒருவர் நல்ல லொறி ஸ்பிறிங் தகட்டில் அடித்துத் தோய்ச்சல் போட்ட காட்டுக்கத்தி தகப்பனிடமிருந்து மகனுக்குக் கைமாறும். அத்துடன் இரும்புத் தொழில் இந்தத் தீவுக்குப் புதியதும் அல்ல. சமனலவெவப் பகுதியில், மலைச்சரிவில் வீசும் பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு இயங்கிய பழைய உலைகளை ஆய்வாளர் ஜில் ஜுலெஃப் தோண்டி எடுத்து ஆராய்ந்தார். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழைமையான அந்த உலைகளில் உருக்கே கிடைத்தது என்று 1996-இல் அவர் வெளியிட்ட ஆய்வு உலகத்தின் கவனத்தைப் பெற்றது. எனவே கொல்லரின் கைத்திறனைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமல்ல. நான் கேட்பது வேறு: இன்று, உங்கள் கையில் உள்ள பணத்துக்கு, உங்கள் காணியில் உள்ள வேலைக்கு எது பொருந்தும்?

முதலில் ஒரு கத்தியை நல்ல கத்தியாக்குவது எது என்று பார்ப்போம். இரும்பில் காபன் என்ற பொருள் சிறிதளவு கலந்திருந்தால் அது உருக்கு. அந்தக் காபன் நூற்றில் அரைப் பங்கை ஒட்டியோ சற்றுக் கூடவோ இருந்தால், காய்ச்சித் தோய்க்கும்போது உருக்கு கடினமாகிக் கூரைப் பிடித்து வைத்திருக்கும். லொறி ஸ்பிறிங் தகட்டில் ஏறக்குறைய இந்த அளவு இருப்பதால்தான் கொல்லர்கள் அதைத் தேடுகிறார்கள். கட்டட வேலைக்குப் பாவிக்கும் கம்பியில் காபன் பொதுவாகக் குறைவு. அதை எவ்வளவு அழகாக அடித்தாலும் ஈச்சை மட்டையில் நாலு வெட்டு வெட்டியதும் வாய் மழுங்கிவிடும். தீட்டிப் பளபளப்பாக்கிய பிறகு, எது ஸ்பிறிங், எது கம்பி என்று வாங்குபவரின் கண்ணுக்குத் தெரியாது. இன்னொன்றும் உண்டு. பழைய ஸ்பிறிங் என்பது பல ஆண்டுகள் பாரம் தாங்கி வளைந்து நிமிர்ந்த தகடு. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வெடிப்பு அதில் இருக்கக்கூடும். கொல்லர் நேர்மையானவராக இருந்தாலும் அந்த வெடிப்பு அவருக்கும் தெரியாமல் போகலாம்.

அடுத்தது சூடு. உருக்கைக் காந்தம் பிடிக்காத அளவுக்குச் செந்நிறமாகக் காய்ச்சி எண்ணெயிலோ நீரிலோ தோய்த்தால் அது கண்ணாடிபோலக் கடினமாகும். அப்படியே விட்டால் கண்ணாடிபோல உடையவும் செய்யும். ஆகையால் மறுபடியும் மெல்லச் சூடாக்கி அந்த முரட்டுக் கடினத்தைத் தணிக்க வேண்டும். அப்போது உருக்கின் மேற்பரப்பில் வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம் என்று நிறங்கள் ஓடும். அனுபவமுள்ள கொல்லர் சரியான நிறத்தில் எடுத்துவிடுவார். அனுபவம் குறைந்தவர் தவறவிடுவார். கம்மாலையில் ஒவ்வொரு கத்தியும் ஒரு தனிப் பரீட்சை. ஒன்று அருமையாக அமையும், அடுத்தது கணுவில் பட்டதும் பல் விழும். தொழிற்சாலையில் ஒரே வகைத் தகட்டை வாங்கி, அளவு பார்த்த சூட்டில், ஒரே நேரக் கணக்கில் ஆயிரக்கணக்கில் செய்கிறார்கள். மிகச் சிறந்த கம்மாலைக் கத்தியை அது மிஞ்சாமல் இருக்கலாம். ஆனால் ஒன்றைப் போலவே மற்றதும் இருக்கும். ஒரே ஒரு கத்தி வாங்க மட்டுமே பணம் உள்ள குடும்பத்துக்கு இந்த நிச்சயம் பெரிய பெறுமதி.

பெருந்தோட்ட நாடுகளின் அனுபவமும் இதுதான். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 1826-இல் தொடங்கிய கொலின்ஸ் என்ற கோடரித் தொழிற்சாலை, பின்னர் தென்னமெரிக்க நாடுகளுக்குக் காட்டுக்கத்திகளைச் செய்து அனுப்பியது. கரும்பு வெட்டியவர்களும் காடு வெட்டியவர்களும் அவற்றையே பிடித்தார்கள். 1966-இல் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. பிரேசிலில் 1911-இல் ஒரு சிறு கம்மாலையாகத் தொடங்கிய திரமொந்தீனா இன்று காட்டுக்கத்தி செய்யும் பெரிய நிறுவனங்களில் ஒன்று. பிரான்சின் சவோய் மலைநாட்டில் 1890-இல் யோசெப் ஒப்பினெல் செய்யத் தொடங்கிய மரப்பிடி மடக்குக் கத்தி விவசாயிகளுக்காகவே செய்யப்பட்டது. இன்றும் மலிவாகவே விற்கப்படுகிறது. அதே மேல்நாடுகளில், பெயர் பெற்ற தனிக் கைவினைஞர்கள் ஒவ்வொன்றாகச் செய்யும் கத்திகளும் உண்டு. விலை மிக அதிகம். அவற்றில் பல கண்ணாடிப் பெட்டிக்குள்தான் இருக்கின்றன. நாள் முழுவதும் வெட்டிப் பிழைப்பவர்கள் தொழிற்சாலைக் கத்தியைத்தான் பிடிக்கிறார்கள்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். விலைகள் மாறிக்கொண்டே இருப்பதால் கணக்குக்காக மட்டும் ஒரு தொகையை வைத்துக்கொள்வோம். கடைக் கத்தி 2,000 ரூபா, சொல்லிச் செய்வித்த கத்தி 6,000 ரூபா என்று கொள்ளுங்கள். கடைக் கத்தி நாலு போகம் தாக்குப் பிடித்தால் போகத்துக்கு 500 ரூபா. மற்றது அதற்குச் சமமாவதற்குப் பன்னிரண்டு போகம் உழைக்க வேண்டும். உழைக்கலாம், ஆனால் அதற்குள் களவு போகாமல், கிணற்றில் விழாமல், இன்னொரு தடவை இடம்பெயர நேராமல் இருக்க வேண்டும். அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. அதே 6,000 ரூபாவில் ஒரு கத்தியும், ஒரு மண்வெட்டியும், ஓர் அரமும் வாங்க வழி பார்க்கலாம். வெறும் கத்தியோடு காணிக்குப் போனால் வெட்டிய பற்றையின் வேரைக் கிளப்ப அடுத்த வீட்டு மண்வெட்டியைத்தான் இரவல் கேட்க வேண்டும். 2022-இல் எமது ரூபா வீழ்ந்தபோது இறக்குமதிச் சாமான்களின் விலை ஏறியது எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்படி விலை ஏறும் காலத்தில் ஒரே கருவியில் முழுப் பணத்தையும் முடக்குவது இன்னும் ஆபத்து.

ஆனால் 'கடைக் கத்தி' என்ற பெயரில் வருவதெல்லாம் நல்லது என்று எண்ணிவிடாதீர்கள். நிவாரணப் பொதியோடு வந்த சில கத்திகள் முதல் நாளே வளைந்ததை நான் பார்த்திருக்கிறேன். கொடுத்தவர்கள் எண்ணிக்கையைப் பார்த்தார்கள், தகட்டைப் பார்க்கவில்லை. கடைக்காரரிடம் கேட்டுக் கத்தியைக் கையில் எடுங்கள். கண்ணுக்கு நேரே பிடித்து முதுகு நேராக ஓடுகிறதா என்று பாருங்கள். பிடியைத் தளர்வாகப் பிடித்து அலகை விரல் நகத்தால் தட்டினால் தெளிவான மணியோசை வரவேண்டும். கரகரத்தால் வெடிப்போ தளர்ந்த ஆணியோ இருக்கலாம். அலகின் நுனியைப் பலகையில் ஊன்றி மெல்ல வளைத்து விடுங்கள். நேராகத் திரும்பி வந்தால் நல்ல தோய்ச்சல், வளைந்தபடியே நின்றால் வைத்துவிட்டு வாருங்கள். பிடிக்குள் போகும் இரும்பு பிடியின் முழு நீளத்துக்கும் போகிறதா, குறைந்தது இரண்டு மூன்று ஆணி அடித்திருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். கத்தி உடைவதைவிடப் பிடி கழன்று அலகு பறப்பதால் வரும் காயமே மோசமானது. வெள்ளிபோல மின்னும் மெல்லிய கத்திகளை அடுக்களைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அரம் பிடிக்கிறதா என்பதும் முக்கியம். நல்ல காட்டுக்கத்தியை வேண்டுமென்றே சற்று மென்மையாகத்தான் செய்கிறார்கள். கல்லில் பட்டால் பல் விழாமல் மடங்கும். மடங்கியதை வரம்பில் இருந்தபடியே அரத்தால் சரிசெய்யலாம். "அரமே பிடிக்காத அளவு கடினம்" என்று யாராவது பெருமையாகச் சொன்னால் அந்தக் கத்தி பற்றை வெட்ட உதவாது.

பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் எம்மிடையே பல. கம்மாலையில் வழமையாகச் செய்யும் காட்டுக்கத்தி ஆணின் தோளுக்கு அளவெடுத்ததுபோல் பாரமானது. அதைப் பிடித்து அரை நாள் வெட்டினால் மறுநாள் கை எழும்பாது. பதினான்கு அங்குல அலகுள்ள மெல்லிய தொழிற்சாலைக் கத்தி வேகத்தால் வெட்டும், பாரத்தால் அல்ல. பிடியைச் சுற்றிப் பிடித்தால் விரல் நுனி உள்ளங்கையைத் தொட்டும் தொடாமலும் இருப்பதே சரியான பருமன். பருத்திருந்தால் கண்ணாடித் துண்டால் சுரண்டிக் குறைக்கலாம்.

அப்படியானால் கொல்லரிடம் போகவே வேண்டாமா? போகத்தான் வேண்டும். பாளைக்கத்தி எந்த ஹாட்வெயாரிலும் நல்லதாகக் கிடைக்காது; அது சீவுபவரின் கையறிந்து செய்ய வேண்டிய கருவி. ஓலை வாரும் சத்தகமும் அப்படியே. கோடரிக்கு வாய் வைக்கவும், தேய்ந்த மண்வெட்டிக்குத் துண்டு பொருத்தவும், அலவாங்கின் நுனியைக் காய்ச்சி அடிக்கவும் கம்மாலை வேண்டும். கொல்லர்களும் எங்களைப் போல் இடம்பெயர்ந்தவர்கள்தான். பட்டடைக்கல்லை விட்டு வந்தவர்கள். பழைய ஏற்பாட்டில், 1 சாமுவேல் 13-ஆம் அதிகாரத்தில், பிலிஸ்தியர் இஸ்ராயேல் நாட்டில் ஒரு கொல்லனையும் இருக்க விடவில்லை என்று வருகிறது. கொழுவைத் தீட்டவும் மக்கள் எதிரியிடம் போய்க் கூலி கொடுக்க வேண்டியிருந்தது. 1990-களில் வன்னிக்கு இரும்பு போவது தடைப்பட்டிருந்த காலத்தில் வாழ்ந்தவர்களுக்கு அந்த வசனங்களுக்கு விளக்கவுரை தேவையில்லை. பழைய இரும்பைக் கருவியாக்கித் தரக் கொல்லர் ஒருவர் ஊரில் இருப்பது அப்போது எவ்வளவு பெரிய காரியம் என்று அவர்களுக்குத் தெரியும். ஆகவே புதிய காட்டுக்கத்தியைக் கடையில் வாங்குங்கள். மிஞ்சும் பணத்தில் ஒரு பங்கைத் திருத்த வேலைக்காகக் கொல்லருக்குக் கொடுங்கள். இரண்டாக உடைந்த காட்டுக்கத்தியை எறிய வேண்டாம். அதில் நல்ல சத்தகம் இரண்டு எடுப்பார்.

வெட்டத் தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. மிதிவெடி அகற்றப்பட்டதாக எழுத்தில் உறுதி கிடைக்காத காணியில், சிவப்பு எச்சரிக்கைப் பலகை நிற்கும் இடத்தில், எந்தக் கத்தியும் வேண்டாம். பற்றைக்குள் இனந்தெரியாத இரும்பைக் கண்டால் கத்தியால் தட்டிப் பார்க்காமல், வந்த அடித்தடத்திலேயே திரும்பி வந்து கிராம அலுவலருக்கு அறிவியுங்கள். அயலில் பிள்ளைகள் விறகு பொறுக்கப் போவார்களானால் அவர்களுக்கும் அன்றைக்கே சொல்லி வையுங்கள்.

பேசாலைக் காற்றில் உப்பு இருக்கிறது. காபன் உருக்குக் கத்தியை வேலை முடிந்து துடைக்காமல் ஓரிரவு வெளியே விட்டால் காலையில் செம்மண் பூசியதுபோல் துரு நிற்கும். நன்னீரில் கழுவி, துணியால் துடைத்து, ஒரு துளி தேங்காய் எண்ணெயோ பாவித்த என்ஜின் எண்ணெயோ பூசித் தூக்கி வையுங்கள். தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைக்கும் என்பதால் கடற்கரையில் அது வேண்டாம். பழைய சயிக்கிள் ரியூபை வெட்டி அலகுக்கு மாட்டலாம். பஸ்ஸில் கொண்டு போவதானால் அலகைச் சாக்கில் சுற்றி மண்வெட்டியோடு சேர்த்துக் கட்டுங்கள். வேலைக் கருவி என்பது பார்த்ததும் விளங்கும்.

அரத்தைக் கத்தியோடு சேர்த்தே வாங்குங்கள். ஐந்து குடும்பங்கள் சேர்ந்தால் ஓர் அரம் போதும். கத்தியை மரக்குற்றியில் அழுத்தி, வாயை உங்களுக்கு எதிர்ப்புறம் வைத்து, அரத்தை முன்னோக்கி மட்டும் தள்ளுங்கள். பின்னுக்கு இழுக்கும்போது தூக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அரத்தின் பல் தேயும். ஒரு பக்கம் பத்துத் தள்ளு, மறுபக்கம் பத்து. அரத்துக்கும் மரப்பிடி போட்டபின்தான் கையில் எடுங்கள்.