பரணும் பாத்திரமும்

ஒரு வீட்டின் செம்மையை அறிய விரும்புவோர் அவ்வீட்டின் கூடத்தைப் பார்த்தல் மட்டும் போதாது. அடுக்களையையும் பார்த்தல் வேண்டும். கூடம் விருந்தினர் பொருட்டு ஒழுங்கு செய்யப்படுவது. அடுக்களையோ நாள்தோறும் உழைப்பு நடைபெறும் இடம். உழைப்பு நடைபெறும் இடத்தில் ஒழுங்கு நிலவுமாயின், வீடு முழுவதும் ஒழுங்குடையதே எனத் துணியலாம்.

அடுக்களைப் பொருள்களை இருவகையாகப் பிரிக்கலாம். சோற்றுப் பானை, குழம்புச் சட்டி, தோசைக்கல், அகப்பை, அரிவாள்மணை ஆகியவை நாள்தோறும் கைக்கு வேண்டுவன. இவற்றிற்கு நாம் இடம் தேட வேண்டுவதில்லை. பழக்கமே இடம் காட்டிவிடும். மற்றொரு வகைப் பொருள்கள் ஆண்டிற்கு ஒரு முறையோ இரு முறையோ மட்டும் வேண்டப்படுவன. பொங்கலிடும் வெண்கலப் பானை, தீபாவளிக்கு முறுக்குப் பிழியும் உரல், பலகாரம் சுடும் பெரிய வாணலி, கொழுக்கட்டை அச்சு, கோடையில் ஊறுகாய் போடும் பீங்கான் சாடி, திருமண நாளில் தேடப்படும் அண்டா, தவலை ஆகியவை இவ்வகையின. இவை ஆண்டின் 365 நாள்களில் சில நாள்களே உழைக்கின்றன. எஞ்சிய நாள்களெல்லாம் உறங்குகின்றன. உறங்கும் இப்பொருள்களுக்கு வீட்டில் இடம் காண்பது எங்ஙனம்? இது மிகச் சிறிய செய்தி என்று சிலர் எண்ணலாம். ஆயினும் இதனைச் சரிவரச் செய்யாமையால் பொருள் இழந்தோரும் உண்டு, காயமுற்றோரும் உண்டு.

நம் முன்னோர் இக்கேள்விக்கு நல்ல விடை கண்டிருந்தனர். அவர்கள் கண்ட விடைகளுள் சிறந்தது பரண். பரண் என்னும் சொல் முதலில் வீட்டிற்குரியதன்று; காட்டிற்குரியது. குறிஞ்சி நிலத்தில் தினைப்புனம் காத்த மகளிர், உயர்ந்த கால்களின்மேல் அமைக்கப்பட்ட பரணில் இருந்து கிளிகளை ஓட்டினர். பழந்தமிழ் நூல்கள் அதனை இதணம் என்றும் வழங்கும். காவலுக்கு உதவிய அவ்வமைப்பின் பெயரே, பின்னர் வீட்டினுள் உத்தரங்களின்மேல் பலகை பரப்பி அமைக்கப்பட்ட மேல்தட்டிற்கும் வழங்கலாயிற்று. தரையில் நடமாடும் இடம் குறையாமல், தலைக்கு மேல் வீணாகக் கிடக்கும் வெளியைப் பயன்படுத்தும் அறிவு இதில் விளங்குகின்றது.

பரண் மட்டுமன்று, உறி, மாடம், அடுக்குப்பானை ஆகியவையும் இவ்வறிவின் பயன்களே. பூனைக்கும் எறும்புக்கும் எட்டாதபடி பாலும் வெண்ணெயும் உறியில் தொங்கின. சுவரின் கனத்திலேயே குடைந்த மாடத்தில் விளக்கும் சிறு கலங்களும் இருந்தன. பெரிய பானையின்மேல் அதனினும் சிறிய பானை, அதன்மேல் இன்னும் சிறிய பானை என அடுக்கிய அடுக்குப்பானை, ஒரு பானை நிற்கும் தரையில் ஐந்து பானைகளை நிறுத்திற்று. இடம் பெருக்கும் கலைக்கு இதனினும் எளிய எடுத்துக்காட்டு வேறு வேண்டுவதில்லை.

இற்றைநாளில் நிலைமை மாறிவிட்டது. நாட்டுப்புறத்தில் முற்றம், தாழ்வாரம், சரக்கறை என விரிந்த வீட்டில் வாழ்ந்த குடும்பம் ஒன்று, நகரத்தில் இரண்டு அறைகளே உள்ள வாடகை வீட்டிற்குக் குடிபெயர்கின்றது எனக் கொள்வோம். பாட்டியார் தம் பெயர் வெட்டப்பட்ட பித்தளை அண்டாவையும் உடன்கொண்டு வருகின்றார். வந்த நாள் முதல் அவ்வண்டாவிற்கு அமைதி இல்லை. முதலில் அது கூடத்து மூலையில் நிற்கின்றது. பின்னர்க் கட்டிலின் கீழ் நுழைய மறுக்கின்றது. குளியலறை வாயிலில் அனைவர் காலையும் இடறுகின்றது. இறுதியில், "இதனை எடைக்குப் போட்டுவிட்டால் என்ன?" என்று மகன் கேட்கின்றான். பாட்டியார் மறுமொழி கூறவில்லை. அண்டாவின் விளிம்பை முன்றானையால் துடைக்கின்றார். அவருடைய திருமண நாளில் வந்த அண்டா அது. எடைக்குப் போட்டால் உலோகத்தின் விலை கிடைக்கும். அண்டாவின் விலை கிடைக்காது.

இத்தகைய வீட்டில் செய்யத்தக்கது யாது? அவசரப்பட்டு விற்பதும் அன்று. கண்ட இடத்தில் திணிப்பதும் அன்று. முறையாக எண்ணிச் செயற்படின் சிறு வீட்டிலும் இடம் உண்டாகும். அம்முறையை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, எல்லாவற்றையும் வெளியே எடுத்து ஓரிடத்தில் பரப்புதல் வேண்டும். நம்மிடம் உள்ளவை எவை என்பதே நமக்குத் தெரியாதிருத்தல் இயல்பு. பரப்பிப் பார்க்கும்போதுதான், மூன்று முறுக்கு உரல்கள் இருப்பதும், அவற்றுள் இரண்டிற்கு அச்சுத் தட்டு இல்லாதிருப்பதும் புலனாகும். இவ்வேலைக்கு நம் நாட்டில் ஒரு நாளே வகுக்கப்பட்டுள்ளது. பொங்கலுக்கு முன்னாளாகிய போகியே அந்நாள். பழையன கழித்து வீட்டைத் தூய்மை செய்யும் அந்நாளை ஒட்டி, ஆண்டிற்கு ஒரு முறை பரணைத் துலக்குதல் நன்று.

இரண்டாவது, வைத்துக்கொள்ள வேண்டியவை எவை எனத் தெளிதல் வேண்டும். இதற்கு மூன்று கேள்விகள் போதும். சென்ற இரண்டு ஆண்டுகளில் இதனைப் பயன்படுத்தினோமா? இஃது இல்லையெனில் வேறு பாத்திரம் கொண்டு அவ்வேலையைச் செய்ய இயலுமா? அண்டை வீட்டில் இரவலாகவோ, கடையில் வாடகைக்கோ இதனைப் பெற இயலுமா? இம்மூன்று கேள்விகளாலும் ஒரு பொருள் வேண்டாதது எனத் தெரியின், அதனை வேண்டுவோர்க்கு அளித்துவிடலாம். ஆயினும், பாட்டியாரின் அண்டாவைப் போன்று அன்பினால் காக்கத்தக்க பொருளும் உண்டு. அத்தகையது ஒன்றிரண்டாயின் காத்தலே முறை. எல்லாமே அத்தகையவை எனக் கூறின், அது தெளிவின்மையே ஆகும்.

இவ்விடத்தில் நம் ஊர்களின் பழைய வழக்கம் ஒன்று நினைக்கத்தக்கது. பெரும் பாத்திரங்களில் உரிமையாளரின் பெயரை வெட்டி வைப்பர். இது பெருமைக்காக மட்டும் செய்யப்பட்டதன்று. ஒரு வீட்டுத் திருமணத்திற்குத் தெருவிலுள்ள பல வீட்டு அண்டாக்களும் வந்து சேரும். திருமணம் முடிந்தபின் பெயரைப் பார்த்து உரியவரிடம் அவற்றைச் சேர்ப்பர். ஒவ்வொரு வீட்டிலும் பத்து அண்டாக்கள் இருக்க வேண்டுவதில்லை. பத்து வீடுகளில் ஒவ்வொன்று இருந்தாலே போதும். கொடுத்து வாங்கும் நட்பு, வீட்டிலுள்ள இடத்தையும் மிச்சப்படுத்திற்று.

மூன்றாவது, பரணேறும் பாத்திரத்தைத் தூய்மை செய்து உலர்த்துதல் வேண்டும். ஈரமும் காற்றும் ஒருங்கு சேர்ந்தே இரும்பைத் துருப்பிடிக்கச் செய்கின்றன. ஆகவே இரும்பு வாணலியையும் பணியாரக்கல்லையும் நன்கு உலர்த்தி, எண்ணெயை மெல்லிதாகப் பூசி வைத்தால், எண்ணெய் காற்றையும் ஈரத்தையும் அணுகவொட்டாமல் தடுக்கும். செம்பு, பித்தளை, வெண்கலம் ஆகியவற்றில் ஈரமும் புளிப்பும் தங்கின், பச்சை நிறக் களிம்பு ஏறும். அது நஞ்சுத் தன்மை உடையது. புளியிட்டுத் துலக்கினால் களிம்பு நீங்கும். ஆனால் புளியை முற்றும் கழுவாமல் விட்டால் அதுவே மீண்டும் களிம்பிற்குக் காரணமாகும். உள்ளே வெள்ளீயம் பூசிய பித்தளைப் பாத்திரத்தை நெடுநாளைக்குப் பின் எடுக்கும்போது, பூச்சுத் தேய்ந்துள்ளதா எனப் பார்த்து, தேய்ந்திருப்பின் மீண்டும் பூசிய பின்னரே அதில் சமைத்தல் வேண்டும். முறுக்கு உரலின் துளைகளில் மாவு ஒட்டியிருப்பின் வண்டும் கரப்பானும் அங்கே குடிபுகும். மர உலக்கையையும் மர அச்சையும் வெயிலில் காயவைத்து, கறையான் அணுகாத இடத்தில் வைத்தல் வேண்டும். மின்சாரத்தால் இயங்கும் கருவியாயின், அதன் கம்பியை மடித்து முறிக்காமல் தளர்வாகச் சுற்றி வைத்தல் வேண்டும். மீண்டும் எடுக்கும்போது எலி கடித்துள்ளதா என முதலில் பார்த்தல் வேண்டும்.

எண்ணெய் பூசிக் கருவியைக் காக்கும் இவ்வழக்கம் மிகப் பழமையானது. அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார் கண்ட படைக்கலக் கொட்டிலைப் புறநானூற்றின் 95 ஆம் பாட்டு நமக்குக் காட்டுகின்றது. தொண்டைமானின் வேல்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூட்டப்பெற்று, நெய் பூசப்பெற்றுக் காவல் மிக்க இடத்தில் இருந்தன. அதியமானின் வேல்களோ போரில் நுனி சிதைந்து, கொல்லனுடைய சிறிய உலைக்களத்தில் கிடந்தன. தொண்டைமானைப் புகழ்வதுபோல் தோன்றினும், உழைத்துத் தேய்ந்த படைக்கலமே பெருமையுடையது என்பதை ஔவையார் குறிப்பால் உணர்த்தினார். நம் அடுக்களைக்கும் இஃது ஏற்ற பாடமாகும். பாத்திரத்தை நெய் பூசிக் காத்தல் நன்றே. அதனை உழைக்கச் செய்தல் அதனினும் நன்று.

நான்காவது, பொருளின் எடையறிந்து இடம் வகுத்தல் வேண்டும். இதில் தவறுவோர் பலர். பயன்படாத பொருள் எதுவாயினும் மேலே ஏற்றிவிடுவது அவர்கள் வழக்கம். ஒரே கன அளவுள்ள நீரைக் காட்டிலும் பித்தளை ஏறத்தாழ 8½ மடங்கு எடையுடையது; அலுமினியம் 2.7 மடங்கே எடையுடையது. எனவே ஒரே உருவமும் தடிப்பும் உள்ள இரு பாத்திரங்களுள் பித்தளைப் பாத்திரம் அலுமினியப் பாத்திரத்தைப்போல் மும்மடங்கிற்கு மேல் கனக்கும். அத்தகைய அண்டாவை ஏணிமேல் நின்று ஒருவராக இறக்க முயன்றால், பாத்திரமும் விழும், இறக்குபவரும் விழுவார். ஆதலால் கனமானவை கீழ்த்தட்டிலோ தரையிலோ இருத்தல் வேண்டும். முழங்காலுக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரம் நாள்தோறும் வேண்டும் பொருள்களுக்கு உரியது. இலேசானவையும் உடையாதவையும் மட்டுமே பரணுக்கு ஏற்றவை. ஆட்டுக்கல்லும் அம்மியும் தரையைவிட்டு எழுதல் ஆகாது.

அடுப்பிற்கு நேர்மேலே பாத்திரங்களை வைத்தலும் தவறு. முற்காலத்தில் விதைகளை அடுப்புப் புகை படும் இடத்தில் தொங்கவிட்டனர். புகை பூச்சிகளை விலக்கிற்று. விதைக்கு நன்மை செய்த புகை, பாத்திரத்தில் பிசுக்காகப் படியும். எரியும் அடுப்பிற்கு மேலே கைநீட்டி ஒன்றை எடுப்பது ஆடையில் தீப்பற்றவும் வழியாகும். அவ்வாறே எரிவாயு உருளை நிற்கும் இடத்தைப் பாத்திரங்களால் அடைத்தல் கூடாது. அவ்வாயு காற்றைவிடக் கனமானது. கசியுமாயின் தரையை ஒட்டிப் படரும். அங்கே காற்றோட்டம் தடைப்படின் பெருந்தீங்கு நேரும்.

இடம் வகுத்தபின், ஒன்றனுள் ஒன்றை அடக்குதல் வேண்டும். அண்டா என்பது பாத்திரம் மட்டுமன்று. மூடியிட்டால் அதுவே ஒரு பெட்டி. அதனுள் தவலை, தவலையினுள் வாணலி, வாணலியினுள் முறுக்கு உரல் என அடக்கி, இடையிடையே பழந்துணி வைத்தால் கீறலும் நேராது. தட்டுகளையும் மூடிகளையும் படுக்கவைத்து அடுக்காமல், புத்தகங்கள்போல் நிமிர்த்தி வைத்தால், ஒன்றை எடுக்க மற்றவற்றைக் கலைக்க வேண்டுவதில்லை. சாடியின் வாய்க்கு வெள்ளைத் துணியால் வேடு கட்டிவிட்டால் தூசி புகாது. கட்டிலின் கீழ், கதவின் பின்புறம், அலமாரியின் உச்சி ஆகிய இடங்களும் சிறு வீட்டின் மறைந்த சரக்கறைகளே.

ஐந்தாவது, எது எங்கே உள்ளது என எழுதி வைத்தல் வேண்டும். ஒரு தாளில், "பரண், இடப்புறம்: கொழுக்கட்டை அச்சு, அப்பக்கல், கட்டிலின் கீழ்: அண்டா, அதனுள் தவலை" என எழுதி, அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவிடலாம். எழுதப்படாத பொருள் மறக்கப்படும். மறக்கப்பட்ட பொருள் இருந்தும் இல்லாததே ஆகும். ஏட்டுச் சுவடிகளுக்கு நேர்ந்ததை எண்ணிப் பாருங்கள். உ. வே. சாமிநாதையர் ஊர்தோறும் அலைந்து தேடிய சுவடிகளுள் பல, தம்மிடம் இருப்பது இன்னது என்பதை அறியாதவர் வீடுகளில் செல்லரித்துக் கிடந்தன. சுவடிக்கு நேர்ந்த அழிவு பாத்திரத்திற்கும் நேரும், அளவுதான் வேறு.

இனி, நாம் கூறிய குடும்பத்திடம் மீண்டு செல்வோம். அவர்கள் ஒரு விடுமுறை நாளில் அனைத்தையும் பரப்பினர். அச்சில்லாத உரல்கள் இரண்டும் எடைக்குச் சென்றன. பீங்கான் சாடிகளுள் ஒன்று எதிர்வீட்டிற்கு உவப்புடன் அளிக்கப்பட்டது. கட்டிலின் கால்களுக்குக் கட்டை கொடுத்து உயர்த்தினர். ஆறு அங்குலம் உயர்ந்ததும், நுழைய மறுத்த அண்டா பக்கவாட்டில் சாய்ந்து நுழைந்தது. பண்டிகைப் பாத்திரங்கள் பலவும் அதன் வயிற்றினுள் அடங்கின. பெயரன் பட்டியல் எழுத, பாட்டியார் சொல்லிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு பாத்திரத்தின் பெயரோடு, அஃது எந்த ஊரில், யார் வீட்டுத் திருமணத்தில் வந்தது என்பதும் அப்பட்டியலில் இடம்பெற்றது. விற்க நினைத்த மகனும் இறுதியில் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மாணவர்களே! இவ்வேலை பெண்டிர்க்கே உரியது என ஆடவர் ஒதுங்குதல் தகாது. பலகாரம் உண்ணும் அனைவர்க்கும், பலகாரம் சுட்ட வாணலியைத் துலக்கி உரிய இடத்தில் வைக்கும் கடமையும் உண்டு. அடுத்த விடுமுறையில் உங்கள் வீட்டுப் பரணைப் பெரியவர் துணையோடு பாருங்கள். அங்கே தூசியோடு உங்கள் குடும்பத்தின் வரலாறும் சிறிது படிந்திருக்கும். தூசியைத் துடைத்து, வரலாற்றைக் கேட்டு எழுதி வையுங்கள்.

பயிற்சி

அருஞ்சொற்பொருள்:
இதணம் – தினைப்புனம் காக்கும் பரண்
உத்தரம் – கூரையைத் தாங்கும் பெருமரம்
களிம்பு – செம்பு முதலியவற்றில் ஏறும் பச்சை நிற மாசு
கொட்டில் – படைக்கலம் வைக்கும் இடம்
வேடு – கலத்தின் வாயை மூடிக் கட்டும் துணி

வினாக்கள்:
1. பரண் என்னும் சொல் வீட்டிற்கு உரியதானது எவ்வாறு?
2. பாத்திரங்களில் பெயர் வெட்டும் வழக்கத்தின் பயன் யாது?
3. பரணில் வைக்குமுன் இரும்பு, பித்தளைப் பாத்திரங்களுக்குச் செய்ய வேண்டுவன யாவை?
4. கனமான பாத்திரங்களைப் பரணில் வைத்தல் ஏன் கூடாது?
5. உங்கள் வீட்டில் ஆண்டிற்கு ஒரு முறை மட்டும் பயன்படும் பொருள்களின் பட்டியல் ஒன்று எழுதுக. அவற்றுள் ஒன்றன் வரலாற்றைப் பெரியவரிடம் கேட்டுப் பத்து வரிகளில் வரைக.