இடிப்பதற்கு முன்னால்

ஜொகூர் பாரு

அன்புள்ள கயல்விழிக்கு,

மாமா எழுதுகிறேன். "நெரிசலான பழைய வீடுகளை இடித்துவிட்டுப் புது வீடு கட்டினால் ஊருக்கு நல்லதுதானே மாமா, இதில் கட்டுரை எழுத என்ன இருக்கிறது?" என்று கேட்டிருந்தாய். நிறைய இருக்கிறது, அம்மா. கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற சிங்கப்பூரை எடுத்துக்கொள். இன்றைய சிங்கப்பூரை அல்ல, இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட சிங்கப்பூரை.

1921 கணக்கெடுப்பில் அங்கே ஏறக்குறைய 4,18,000 பேர் இருந்தார்கள். பத்தே ஆண்டில் 5,57,000-ஐத் தாண்டிவிட்டது. வந்தவர்களில் பெரும்பாலோர் அன்றன்றைய கூலிக்கு உழைத்தவர்கள். விடியற்காலையில் படகுத்துறையில் நின்றால்தான் அன்றைக்கு வேலை கிடைக்கும். தொலைவில் குடியிருந்து வண்டிக்குக் காசு கொடுத்து வர அவர்களால் முடியாது. எனவே ஆற்றங்கரையை ஒட்டிய சில தெருக்களிலேயே எல்லாரும் அடைந்தார்கள்.

அந்தத் தெருக்களின் கடைவீடுகளை நீ பார்த்திருப்பாய். வாசல் குறுகல், உள்ளே நீளமோ நீளம். இரண்டு தெருக்களின் வீடுகள் முதுகோடு முதுகு ஒட்டி நின்றதால் பின்பக்கம் சன்னல் வைக்க வழியில்லை. வீட்டுக்காரர் முழு வீட்டையும் ஒருவருக்கு வாடகைக்கு விடுவார். அவர் மாடியைப் பலகையால் தடுத்துத் தடுத்து அறைகளாக்கி உள்வாடகைக்கு விடுவார். அந்த அறைக்காரர் படுக்கும் இடத்தை இன்னொருவரோடு பங்கிட்டுக்கொள்வார். இரவு வேலைக்காரர் எழுந்துபோன பாயில் பகல் வேலைக்காரர் படுப்பதும் உண்டு. இப்படி ஒவ்வொரு கையாக மாறும்போதும் வாடகை ஏறியது. ஏழை குடியிருந்த அந்த இருட்டறைகள் வீட்டுக்காரருக்கு நல்ல வருமானம் தந்தன என்பதை மறந்துவிடாதே. பின்னால் நடந்த பலவற்றுக்கும் காரணம் அதில் இருக்கிறது.

நம்மவர்களும் இந்த நெரிசலுக்குள்தான் இருந்தார்கள். நகராட்சியில் சாலை போட்ட, குப்பை அள்ளிய தமிழர்களுக்குக் கூலி லைன்கள். மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்களின் கிட்டங்கிகள்: ஒரே நீண்ட கூடத்தில் ஆளுக்கொரு பெட்டியும் கணக்கு மேசையும், பகலில் வட்டித் தொழில், இரவில் அதே இடத்தில் படுக்கை. ஆனால் கிட்டங்கியில் இருந்தவருக்கு ஊரில் பெரிய வீடு இருந்தது, தவணை முடிந்ததும் திரும்பிவிடுவார். லைனில் இருந்தவருக்குத் திரும்பிப்போகப் பெரும்பாலும் எதுவும் இல்லை. இரண்டு நெரிசலையும் ஒரே தட்டில் வைத்து எழுதிவிடாதே.

1907-இல் பேராசிரியர் டபிள்யூ. ஜே. சிம்சன் என்பவர் சிங்கப்பூரின் சுகாதார நிலை பற்றி ஓர் அறிக்கை கொடுத்தார். கல்கத்தா நகராட்சியில் சுகாதார அதிகாரியாக இருந்தவர் அவர். வெளிச்சமும் காற்றும் புகாத அறைகளில்தான் காசநோய் செழிக்கிறது என்று காட்டினார். முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகளின் பின்பகுதியை வெட்டி, நடுவே பின்சந்து விடவேண்டும் என்றார். மருத்துவர் என்ற முறையில் சரியான வழியைத்தான் சொன்னார். மலக்கூடையைக்கூட வீட்டின் நடுவே சுமந்து வாசல் வழியாக வெளியேற்றிய காலம் அது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசி. பின்பகுதியை வெட்டினால் அங்கே படுத்திருந்தவர் எங்கே போவார்? வேலை படகுத்துறையில்தான் இருக்கிறது. ஆகவே பக்கத்து வீட்டுக்குப் போவார், அங்கே ஏற்கெனவே இருப்பவர்களோடு இன்னும் நெருக்கிக்கொண்டு படுப்பார். ஒரு வீட்டில் காற்று வந்தது, அடுத்த வீட்டில் மூச்சு முட்டியது.

1927-இல் சிங்கப்பூர் மேம்பாட்டு அறநிறுவனம் தொடங்கப்பட்டது. சந்து வெட்டுவதும் சாலையை அகலப்படுத்துவதும்தான் அதன் முதல் கவலை. வீடு கட்டுவது பிறகுதான் வந்தது. இடிக்க வேண்டிய வீட்டுக்கு நட்டஈடு கொடுக்க வேண்டும், வாடகை அதிகம் வரும் வீட்டுக்கு விலையும் அதிகம், ஆகவே பணி ஊர்ந்தது. 1936-இல் தியோங் பாருவில் முதல் அடுக்குமாடி வீடுகள் திறக்கப்பட்டன. 1941-க்குள் 784 வீடுகள் எழுந்தன. வளைந்த முகப்பு, காற்றோட்டமான அறைகள், இன்றும் பார்க்க அழகானவை. அந்த வாடகையைக் கொடுக்க முடிந்தவர்கள் குமாஸ்தாக்களும் சிறு வணிகர்களும். இருட்டறையிலிருந்து வெளியேற்றப்பட்ட சுமைகூலிக்கு அது எட்டாத வீடு. 1950-களின் நடுவில் அப்பர் நான்கின் ஸ்திரீட்டில் ஆய்வு செய்தவர்கள் அதே தடுப்பறைகளைக் கண்டார்கள். சிம்சன் அறிக்கைக்கு அப்போது கிட்டத்தட்ட ஐம்பது வயது.

பம்பாயிலும் இதே கதை. 1920-களில் அரசின் வளர்ச்சித் துறை "சால்" எனப்படும் வரிசை அறைக் கட்டடங்கள் 207-ஐ எழுப்பியது, அறைக்கு 160 சதுர அடி. ஆலைத் தொழிலாளிக்கு வாடகை கட்டுப்படியாகவில்லை, பல அறைகள் ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடந்தன. ஆனால் 1930-இல் இங்கிலாந்தில் வந்த வீட்டுச் சட்டத்தில் ஒரு நல்ல அம்சம் உண்டு: இடித்த இடத்திலிருந்து எத்தனை பேரை மறுபடி குடியமர்த்தினாய் என்று தலையெண்ணித்தான் நகராட்சிக்கு மானியம். அதிலும் குறைகள் இருந்தன. ஆனாலும் எண்ண வேண்டியது மனிதரை என்று சட்டத்திலேயே எழுதினார்களே, அதற்காகவே அதை நான் மதிக்கிறேன். சிங்கப்பூருக்கு அந்த அக்கறை 1960-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தோடு வந்தது. ஓரறை வீட்டுக்கு மாதம் 20 வெள்ளி என்று, ஏழையின் வரும்படியைப் பார்த்து வாடகை வைத்தார்கள்.

இனி நம் ஜொகூர். இரு போர்களுக்கு இடைப்பட்ட அதே காலத்தில் நம் முன்னோர் குளுவாங்கிலும் ரெங்கத்திலும் கூலாயிலும் பால்மரத் தோட்டங்களில் இருந்தார்கள். வரிசை வீடான லயத்தின் அறை பெரும்பாலும் பத்துக்குப் பத்து, அல்லது பத்துக்குப் பன்னிரண்டு அடி. வாடகை கிடையாது. ஆனால் வேலை போனால் கூரையும் போகும். 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தபோது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மலாயாவிலிருந்து இந்தியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். பின்னாளில் தோட்டங்கள் தாமான் என்னும் குடியிருப்புப் பகுதியாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறியபோது, வேலையோடு வீட்டைப் பிணைத்த அதே முடிச்சுதான் குடும்பங்களின் கழுத்தை இறுக்கியது. மூன்று தலைமுறை வாழ்ந்த வீடு, ஆனால் கையில் ஒரு துண்டு மண்ணுக்கும் பத்திரம் இல்லை.

இன்றைக்கு அந்த நிலையில் இருப்பவர்கள் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்த தொழிலாளர்கள். தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் மட்டும் இருந்த 1990-ஆம் ஆண்டுத் தொழிலாளர் குடியிருப்புச் சட்டம், 2019-இல் திருத்தப்பட்டு, 2020 ஜூன் முதல் எல்லாத் துறைகளுக்கும் விரிந்தது. விடுதியல்லாத வீட்டில் ஆளுக்குக் குறைந்தது 3.6 சதுர மீட்டர் படுக்கையிடம் வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்து அறையில் மூன்று பேர் படுத்தால் ஆளுக்கு எவ்வளவு வரும் என்று நீயே வகுத்துப் பார். 3.7-க்குப் பக்கத்தில் வரும். சட்டம் வந்தது நல்லது, அதை நான் முழு மனத்தோடு வரவேற்கிறேன். ஆனால் நெரிசலான வீட்டைச் சோதனை போட்டுப் பூட்டும் நாளில், வெளியே வந்து நிற்கும் இருபது பேர் அன்றிரவு எங்கே படுப்பார்கள் என்பதற்கும் யாராவது பதில் வைத்திருக்க வேண்டும்.

பள்ளி விடுமுறையில் கடப்பிதழோடு வா. சவுத் பிரிட்ஜ் ரோட்டு மாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, பக்கத்துத் தெருக்களின் பின்சந்துகளுக்குள் நடப்போம். வெட்டிய சுவர் எது, பிறகு எழுப்பிய சுவர் எது என்று காட்டுகிறேன். பிறகு தியோங் பாருவுக்குப் போய்விட்டு மாலைக்குள் திரும்பிவிடலாம். கட்டுரையை அதற்குப் பிறகு எழுது. அம்மாவுக்கு என் அன்பைச் சொல்.

அன்புடன்,
மாமா