ஊசி முனையும் ஒரு மணி நேரமும்

எம் மாணவர்க்குத் தடுப்பூசி ஏற்றிய நாளொன்றில், வரிசையில் நின்ற சிறுவனொருவன் தன் முறை வருமுன்னரே மயங்கி வீழ்ந்தான். ஊசி அவனைத் தீண்டவேயில்லை. "நோகாது" என்று அவனுக்குப் பொய் சொல்லியிருந்தவன் யானே. ஊசி நோவைத் தணிக்கும் வழி பற்றி யான் தேடிப் படித்தது அதன் பின்னரேயாம்.

உடலின் ஓரிடத்தை மட்டும் மரக்கச் செய்யலாம் என்பதை 1884 இல் வியன்னா நகரத்துக் கார்ல் கொல்லர் என்னும் வைத்தியர் கண்ணிற் கொக்கேயின் கரைசலை இட்டுக் காட்டினார். கண்ணுக்கு இசைந்த அவ்வழி தோலுக்கு இசையவில்லை. தோலின் புறப்படை எளிதில் எதனையும் உள்ளே விடுவதன்று. 1943 இல் சுவீடன் நாட்டு நீல்ஸ் லொவ்கிறென் ஆக்கிய லிக்னோகேயினையும் ஊசியாலேயே தோலினுள் ஏற்ற வேண்டியிருந்தது. பல் பிடுங்குமுன் இடும் விறைப்பு ஊசியை அறியாதார் எவர்? நோவைத் தவிர்க்க மற்றொரு நோவு!

இம் முட்டுப்பாட்டைத் தீர்த்த நுட்பம் வியக்கத்தக்கது. லிக்னோகேயின் 68 பாகை செல்சியசிலும், பிரிலோகேயின் ஏறக்குறைய 38 பாகையிலும் உருகும் பளிங்குகள். இரண்டையும் சம அளவிற் சேர்த்தாலோ, அறை வெப்பத்திலேயே எண்ணெயாகிவிடுகின்றன. பளிங்காய் நின்று நுழையமாட்டாதது எண்ணெயாகித் தோலினூடே இறங்குகின்றது. இவ்விரண்டும் நூற்றுக்கு 2.5 பங்கு வீதம் சேர்ந்த களிம்பே எம்லா என வழங்குவது. நரம்பிழைகளிற் சோடிய அயன்கள் புகும் வாயில்களை இது அடைத்துவிட, நோவின் செய்தி மூளையை எட்டுவதில்லை.

களிம்பைத் தடிப்பாக இட்டு, காற்றுப் புகாவண்ணம் மூடி, ஒரு மணி நேரம் பொறுத்திருத்தல் வேண்டும். அப்போது மரப்பு 3 மில்லிமீற்றர் ஆழத்துக்கு இறங்கும். இரண்டு மணி நேரமாயின் 5 மில்லிமீற்றர். இருபதாம் நிமிடத்திற் குத்திவிட்டு, "மருந்து பயனற்றது" என்பது நீதியன்று. நோயாளர் நிறைந்த வைத்தியசாலையில் அந்த ஒரு மணி நேரந்தான் மருந்தினும் அரிதாகின்றது. அளவு மிஞ்சினாலும் தீங்குண்டு: பச்சிளங் குழந்தைகளிற் பிரிலோகேயின் குருதியின் ஒட்சிசன் தாங்கும் ஆற்றலைக் குறைத்துவிடக் கூடும். ஆதலின் வைத்தியர் சொன்ன அளவே அளவு.

நாளத்தில் இரத்தம் எடுக்கும்போது இக்களிம்பு நன்கு உதவும். தசையில் ஏற்றும் ஊசியோ அதனினும் ஆழமாகச் செல்வது. அந்நோவு முழுதும் நீங்காது. அச்சத்துக்கோ களிம்பேயில்லை.

பின்னொரு நாள் அச்சிறுவனுக்கு ஊசி ஏற்றுகையில், தாதியாரிடம் கேட்டு அவனைப் படுக்கச் செய்தேன். "கொஞ்சம் நோகும் தம்பி, பத்து எண்ணுமுன் முடிந்துவிடும்" என்றேன். முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு எண்ணத் தொடங்கினான். ஏழில் முடிந்தது.